கொரியா வண்டியும் எலுமிச்சம்பழமும்

8 ஜூன் 2025, ஞாயிறு

மகன் வயிற்றுப் பேத்தி ஜெயசித்ரா என்ஜினியர். மெட்ராசுக்கு இந்தப் பக்கம் கொரியாக்காரன் கார் கம்பெனியில், செய்து முடித்த வண்டியைச் சரிபார்க்கும் இடத்தில் வேலை. அவள் தலையாட்டினால்தான் வண்டி வெளியே போகும். அவள் தம்பி குற்றாலீஸ்வரன் பட்டாளத்தில் இருக்கிறான், அஸ்ஸாம் பக்கம். ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து பெரிய அதிகாரி கையால் கோப்பை வாங்கினான். மகள் வயிற்றுப் பேரன் இசக்கிராஜா தூத்துக்குடியில் சப்-இன்ஸ்பெக்டர். போன மாதம் செயின் திருடன் ஒருத்தனை ஓடியே பிடித்தான் என்று பேப்பரில் படம் வந்தது. படத்தில் திருடன் முகம்தான் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் வெட்டி வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். முதல் பக்கத்தில் இது இருக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த டைரி புது வண்டியோடு ஷோரூமில் கொடுத்தது. பாதி வருஷம் போன பிறகு டைரி எதுக்கு என்று என் மகன் நம்பிராஜன் ஓரமாகப் போட்டான். நான் எடுத்துக்கொண்டேன்.

வண்டி கொரியாக்காரன் வண்டி. வெள்ளை. ஜெயா சொல்லித்தான் வாங்கியது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டோம். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். எலுமிச்சைக்கு இந்த வீட்டில் என்ன பஞ்சம், மகன் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடைதானே வைத்திருக்கிறான். மாலை போட்டு என்னை முன்னால் உட்கார வைத்துப் படம் எடுத்து குடும்ப குரூப்பில் போட்டார்கள். நன்றாக விழுந்திருக்கிறேன். மருமகள் ஆனந்தவள்ளி ஆரத்தித் தட்டோடு ஓரமாக நின்றாள். அவள் கையும் வளையலும் மட்டும் படத்தில் வந்திருக்கிறது.

ஷோரூம் பையன் ரெண்டாவது சாவியை அவளிடம் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். "வீட்டுல இருக்கவளுக்கு எதுக்குப்பா சாவி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சாவி என் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது.

9 ஜூன், திங்கள்

வண்டி பேசுகிறது. பொம்பளைக் குரல். பக்கத்தில் போனால் கீகீ என்று கத்துகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

12 ஜூன், வியாழன்

எல்லோரும் ஒரே மாதிரி நல்லது நல்லது என்று சொன்னால் எனக்கு அங்கேதான் இடிக்கும். அதனால் கொரியா வண்டி வைத்திருக்கிறவர்களை நானே விசாரிக்கத் தொடங்கிவிட்டேன்.

பேச்சிமுத்து, ரிட்டயர்டு ஏட்டு, கீழத் தெருவில் இருக்கிறான். பால் வாங்கிக்கொண்டு தெருவில் போனவனைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஆச்சி, பளபளப்புல மயங்கிராதிய. ஒரு சின்னச் சாமான் போச்சுன்னா அது வாரதுக்குள்ள நமக்கு நரை வந்துரும். வெளிய மாப்பிள்ள, உள்ள தகரம்."

"அப்பம் எதுக்குலே ரெண்டாவது வாட்டியும் அதையே வாங்குன?"

"ஏசி நல்லா இருக்கும்லா" என்றான்.

இப்படிப்பட்டவனிடம் திருடன் எப்படி அகப்பட்டானோ.

சாயங்காலம் டிராவல்ஸ் முகம்மது யூசுப் வந்தார். குற்றாலம் சீசனுக்கு அவரிடம் ஏழெட்டு வண்டி ஓடுகிறது, பாதி கொரியாக்காரனுடையது. "நான் மொதல்ல இத வாங்குனப்ப ஸ்டாண்டுல எல்லாவனும் சிரிச்சான் ஆச்சி. கூன் விழுந்த வண்டின்னு பேரு வச்சானுவ. நான் ஓரமாத்தான் நிப்பாட்டுவேன். இப்பம் சீசனுக்கு வாரவுக போன்ல மொதல்ல கேக்கதே அந்த வண்டி இருக்கான்னுதான். சிரிச்சவன்ல நாலு பேரு இப்பம் அதைத்தான் ஓட்டுதான்."

"ஒங்களுக்கு கம்பெனியில எதும் கொடுக்காவளா, இப்பிடிச் சொல்லுததுக்கு?"

"ஒரு காலண்டர் கூடத் தரல" என்றார். காலண்டர் தராததில் அவருக்கு வருத்தம் இருக்கிறது. அதனால் சொன்னது நிஜமாக இருக்கலாம்.

15 ஜூன், ஞாயிறு

சாரல். குற்றாலத்துக்குப் போனோம். ஐந்தருவியில் கூட்டம், குளிக்கவில்லை, வண்டியிலேயே இருந்தேன். நன்றாகத்தான் போகிறது, தொட்டில் மாதிரி. அதுதான் எனக்குச் சந்தேகம். மேடு பள்ளம் தெரியாமல் போனால் எங்கே போகிறோம் என்று எப்படித் தெரியும்?

புறப்படும்போது ஒன்று நடந்தது. நம்பிராஜன் கதவைத் திறந்து உட்கார்ந்தான், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"சீட்ட யாரு முன்னால தள்ளுனது?"

ஆனந்தவள்ளி பின் சீட்டில் சீப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"புது மாடலு. என்னென்னமோ தானா செய்யுது" என்று அவனே சொல்லிக்கொண்டான்.

தானாகவா?

18 ஜூன், புதன்

ஜெயாவிடம் போனில் கேட்டேன், சீட்டு தானாக நகருமா என்று. "ஒங்க வண்டியில அது கெடையாது ஆச்சி" என்றாள்.

அப்புறம் கம்பெனிப் பெருமை. ஒவ்வொரு வண்டியையும் மழை மாதிரி தண்ணீர் அடித்துக் குளிப்பாட்டி, உள்ளே ஒரு சொட்டு இறங்குகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்களாம். "குத்தாலத்துல வந்து பாக்கச் சொல்லுட்டி" என்றேன். ஒரு காலத்தில் அமெரிக்காவில் இந்த வண்டியை வைத்து டி.வி.யில் கேலி பண்ணுவார்களாம். கொரியாக்காரன் பதிலே பேசவில்லையாம். வண்டியை இன்னும் நன்றாகச் செய்து, பத்து வருஷத்துக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தானாம். சிரித்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்களாம்.

"நெறைய பேசாதவன எனக்குப் பயம்" என்றேன். "எங்க அம்மாவும் பேச மாட்டா, அவளையும் பயமா?" என்று சிரிக்கிறாள் கழுதை.

சீட்டு தானாக நகராது. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

20 ஜூன், வெள்ளி

இதை எப்படி எழுத.

போன ஆவணியில் மத்தியானம் நெஞ்சு அடைத்து விழுந்ததிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. போட்டால் கட்டை மாதிரி தூங்கிவிடுவேன். இன்று சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்து முழிப்பு வந்தது. எழுந்து முன்பக்கம் வந்து பார்த்தால் — ஷெட்டில் வண்டி இல்லை!

வெள்ளியும் செவ்வாயும் லாரிக்கு லோடு ஏற்றும் நாள். நம்பிராஜன் விடியும் முன்னால் பைக்கில் புளியங்குடிக்குப் போய்விடுவான், வர இருட்டிவிடும். மூட்டைக் கறை படும் என்று வண்டியை எடுக்க மாட்டான். அவனுடைய சாவி சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். ஆணி வெறுமையாக இருந்தது. மருமகளையும் காணோம்.

உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் மறுபடி கண்ணயர்ந்துவிட்டேன், அந்தப் பாழாய்ப்போன மாத்திரை. முழித்தால் வண்டி நிற்கிறது. ஆனந்தவள்ளி காப்பியோடு வருகிறாள்.

"எங்கன போயிருந்த?"

"எங்கயும் போகலயே அத்த. மாடியில துணி எடுத்தேன்."

சாரல் அடிக்கிற நாளில் மாடியில் என்ன துணி?

டயரில் செம்மண். ஓட்டினது யார்?

21 ஜூன், சனி

கேட்க முடியாது. ஒன்றைக் கேட்டால் வீடு ரெண்டாகும். கையில் ஏதாவது இருந்தால்தான் கேட்கலாம்.

22 ஜூன், ஞாயிறு

நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். வீரகேரளம்புதூரில் அவள் அம்மா வீடு. அங்கே தேங்காய், அரிசி என்று கொண்டுபோகிறாளோ? கொண்டுபோகட்டும், நான் என்ன தடுத்தா பிடித்தேன். ஆனால் ஓட்டுகிறவன் ஒருத்தன் இருக்க வேண்டுமே. என் மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் எவனோ ஒருத்தன் என் வாசலில் ஏறி வண்டி எடுக்கிறான். அது யார்? இந்தத் தெருவில் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

பக்கத்து வீட்டு ஜெனி, பிரின்ஸ் பெண்டாட்டி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் சின்னதாக ஒரு கொரியா வண்டி வைத்திருக்கிறாள், தானே ஓட்டுவாள். அவளும் இவளும் மதில் பக்கம் நின்று குசுகுசு என்று பேசுகிறார்கள். நான் போனால் "ரசத்துக்குப் புளி" என்கிறார்கள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்.

முன்பெல்லாம் வண்டி கிளம்பினால் தெரு முனைவரை தெரியும். இதில் என்ஜின் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். கிலோமீட்டர் பார்க்கலாம் என்றால் பழைய வண்டி மாதிரி முள் இல்லை, அணைத்துப்போட்ட டி.வி. மாதிரி கறுப்பாக இருக்கிறது. திருட்டுக்கு என்றே செய்த வண்டி.

24 ஜூன், செவ்வாய்

ஒரு யோசனை வந்தது. ஷெட்டிலிருந்து பின்னால் வராமல் வண்டி வெளியே போக முடியாது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தைப் பின்சக்கரத்துக்குப் பின்னால், கண்ணில் படாதபடி ஒட்டி வைத்தேன். பிறகு மாத்திரை போட்டுப் படுத்தேன்.

எழுந்து பார்த்தேன். பழம் இல்லை. தரை கழுவியிருக்கிறது. டயர் வெட்டில் ஒரு விதை ஒட்டியிருக்கிறது.

பிடித்துவிட்டேன்.

ஆனால் என்ன பிடித்தேன்? வண்டி போனது தெரிந்த விஷயம். யார் என்பது தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. குற்றம் உள்ளவள் முகம்தான் அது.

27 ஜூன், வெள்ளி

மறுபடி வைத்தேன். மறுபடி நசுங்கியது. இந்த முறை கழுவவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறது. சோறு சாப்பிடவில்லை, தலைவலி என்றாள். நடுங்கட்டும்.

1 ஜூலை, செவ்வாய்

இன்று தப்பு நடந்துவிட்டது.

கூடையில் சின்னப் பழம் இல்லை. பூஜை அறையில் அம்மன் படத்துக்கு முன்னால் குங்குமம் வைத்த பழம் ஒன்று இருந்தது. சாமிக்கு வைத்ததுதானே, வண்டிக்கும் நல்லது என்று அதையே எடுத்து வைத்துவிட்டேன். பழத்தில் ரெண்டு பக்கமும் குங்குமம்.

தூக்கத்தில் அலறல் கேட்டது. ஓடிப் போனேன். வண்டி கொஞ்சம் பின்னால் வந்து பாதியில் நிற்கிறது, கதவு திறந்து கிடக்கிறது, ஓட்டுகிற சீட்டில் யாரும் இல்லை. ஆனந்தவள்ளி தூணைப் பிடித்து நின்று அழுகிறாள். ஜெனி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறாள். தரையில் நசுங்கின பழம், குங்குமம், ரத்தம் மாதிரி.

"அத்த, நம்ம வீட்டுக்கு யாரோ வச்சிருக்காவ. மூணாவது வாட்டி. செவ்வா வெள்ளி பாத்துப் பாத்து வைக்காவ."

நாள் பார்த்தது நான்தான், ஆனால் லோடு நாள் பார்த்தேன். அது செய்வினைக்காரன் நாளாகவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை!

வண்டியை யார் பின்னால் எடுத்தது என்று கேட்கவும் அப்போது மறந்துபோனேன்.

2 ஜூலை, புதன்

நம்பிராஜனுக்குச் சொல்லிவிட்டாள். வண்டி வெளியே போனதைச் சொல்லவில்லை, ஷெட்டில் பழம் கிடந்தது என்று மட்டும். அவன் பேச்சிமுத்துவைக் கூட்டி வந்தான். பேச்சிமுத்து குனிந்து, கறையைப் பார்த்து, மோந்து, "நாட்டுப் பழம். புளியங்குடிதான்" என்றான். போலீஸ் மூளை.

"புளியங்குடிப் பழம்னா வச்சவன் நம்ம தொழில்காரன்தான்" என்றான் நம்பிராஜன். சுந்தரபாண்டியைச் சொல்கிறான். பக்கத்துக் கடை கமிஷன்காரன், இவனோடு ஒரே இலையில் சாப்பிட்டவன். புது வண்டி வந்த அன்று "என்னடே, கொரியாவுக்கே போயிட்ட" என்று சிரித்தானாம். அந்தச் சிரிப்பில் பொறாமை இருந்ததாம்.

"அவன் அப்பிடிப்பட்டவன் இல்லலே" என்றேன்.

"ஒங்களுக்கு ஒலகம் தெரியாதும்மா. நாளைக்கே மார்க்கெட்ல வச்சுக் கேக்கேன்."

"நாளைக்கு நாள் நல்லா இல்ல" என்று சொல்லி வைத்தேன்.

4 ஜூலை, வெள்ளி

வண்டி அசையவில்லை. நான் பழமும் வைக்கவில்லை. அவள் விரதம், கழுத்தில் கறுப்புக் கயிறு. மதில் பக்கம் ஜெனி வந்து கூப்பிட்டாள். இவள் போகவில்லை.

நான் நினைத்தது நடந்துவிட்டது, இனி வண்டி எனக்குத் தெரியாமல் வெளியே போகாது. ஆனால் சோறு இறங்கவில்லை.

6 ஜூலை, ஞாயிறு

நம்பிராஜன் வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறானாம். "கொரியா வண்டியே நமக்கு ராசியில்ல. ஊருக்கெல்லாம் நல்ல பேரு, நமக்கு வந்த ஒடனே வெனை." ஜெயாவுக்குப் போன் பண்ணி அவளையே குறை சொன்னான். அவள் அழுதாளாம், "நாங்க தண்ணி பாத்தோம், காத்து பாத்தோம், பெயிண்டு பாத்தோம், எலுமிச்சம்பழத்துக்கு நாங்க எங்கன போக?" என்று.

சுந்தரபாண்டியிடம் இவன் இன்னும் கேட்கவில்லை. ஆனால் பேச்சை நிறுத்திவிட்டான். அங்கே அவன் என்ன ஏது என்று தெரியாமல் முழிக்கிறானாம்.

ஒரு சின்னப் பழம். எத்தனை வீட்டைத் தொட்டுவிட்டது.

சொல்லிவிடலாமா? சொன்னால், ஏன் வைத்தாய் என்று கேட்பான். மருமகளைச் சந்தேகப்பட்டு என்று சொல்ல வேண்டும். பிறகு அவளும் நானும் ஒரே அடுப்படியில் எப்படி நிற்பது?

8 ஜூலை, செவ்வாய்

பால் பாக்கெட் வாங்கப் போனேன். யூசுப் டிராவல்ஸுக்குப் பக்கத்துக் கடை. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"என்ன ஆச்சி, ஒங்க மருமகள இப்பம் இலத்தூர்ப் பக்கம் காணோம்? கொளத்துக் கரை ரோட்டுல ரெண்டு மூணு வாட்டி பாத்தேன்."

"கூட யாரு?" என்றேன்.

"நர்ஸம்மாதான் பக்கத்துல. ஒங்க மருமகதான் ஓட்டுது. ரிவர்ஸ் என்னமா எடுக்குதுங்கிய! நம்ம பயலுவ எட்டு வாட்டி முன்ன பின்ன போவான். அது ஒரே வளைவு. வண்டி நிறுத்திப் பாத்துட்டுத்தான் போனேன்."

"யாரு, ஆனந்தவள்ளியா?"

"ஒங்களுக்கு வேற மருமக இருக்கா?"

பாலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பிப் போய் எடுத்தேன்.

எவனோ ஒருத்தன், எவனோ ஒருத்தன் என்று மனதுக்குள் எத்தனை முகத்தைக் கொண்டுவந்து அந்தச் சீட்டில் உட்கார வைத்தேன். அவளை ஒரு தடவைகூட வைத்துப் பார்க்கவில்லை. முப்பது வருஷமாக வீட்டில் இருக்கிறவள்.

ஏன் மறைத்தாள்? என்னிடம் சொன்னால் நான் என்ன —

முதல் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். சாவி பற்றி எழுதியிருக்கிறேன்.

9 ஜூலை, புதன்

காலையில் ஜெனியை மதிலுக்குக் கூப்பிட்டேன். "ரசத்துக்குப் புளியா?" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆச்சி, அவங்கள வையாதீங்க. வர்ற வெள்ளிக்கிழம டெஸ்ட். வர மாட்டேங்காங்க. சாமிக்கே நான் ஓட்டுறது பிடிக்கல, பழம் வச்சுக் காட்டுதுன்னு அழுதாங்க."

சாமியாம். நான் சாமியாகிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை. "ஏலே நம்பி, சுந்தரபாண்டிகிட்ட மரியாதையாப் பேசு. பழத்த வச்சது நான்தான். புது வண்டிக்குக் கண்ணேறு படக்கூடாதுன்னு வச்சேன்."

நம்பிராஜன் சோற்றோடு கையை நிறுத்தினான். "நீங்களா? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"சொன்னா கண்ணேறு எப்பிடிப் போகும்?"

ஆனந்தவள்ளி குழம்புச் சட்டியோடு நின்றாள். என்னையே பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"செவ்வா வெள்ளிக்கு மட்டுமா அத்த? மத்தியானத்துக்கு மட்டுமா?"

நிறையப் பேசாதவர்களைக் கண்டால் எனக்குப் பயம் என்று ஜெயாவிடம் சொன்னது சரிதான். நான் மோர் கேட்டேன். ஊற்றினாள். கை நடுங்கவில்லை.

"இவளுக்கு வெள்ளிக்கிழம டிரைவிங் டெஸ்ட் இருக்கு" என்றேன் மகனிடம். "வண்டியக் குடுக்குதது அப்புறம். அது வரைக்கும் வண்டி நிக்கட்டும்."

"யாருக்கு டெஸ்ட்?"

"ஒம் பொண்டாட்டிக்கு. ஊருக்கே தெரியும். யூசுப்புக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியல."

அவன் அவளைப் பார்த்தான். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"ரெண்டு வாட்டி கேட்டேன். ரெண்டு வாட்டியும் பாப்போம்னிய" என்றாள்.

அவன் அப்புறம் சாப்பிடவே இல்லை. சாப்பிட்டான், ஆனால் என்ன சாப்பிட்டான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

10 ஜூலை, வியாழன்

"டெஸ்டுக்கு முன்னால ஒரு தடவ ஓட்டிப் பழக வேண்டாமா" என்று நானே கேட்டேன். "வண்டிய எடு. என்னக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போ."

பெட்டியிலிருந்து ரெண்டாவது சாவியை எடுத்துக் கொடுத்தேன். வெற்றிலை வாசம் அடித்தது. மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கினாள். ஜெனி பின்னால் ஏறினாள், நான் முன்னால்.

பெல்ட் போடாததற்கு வண்டி கத்தியது. போட்டதும் வாயை மூடியது. நான் அவள் கால், அவள் கை, ரோடு, எதிரே வருகிற லாரி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தேன். தப்பு கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். மேலகரம் தாண்டி மெயின் ரோட்டில் கேரளா வண்டிகள் வரிசையாக வருகின்றன. ஒருத்தன் ஹாரனை வைத்து அமுக்கினான். இவள் கொஞ்சம்கூட அசையவில்லை. அடுப்பில் பால் பொங்கும்போது நிற்பாளே, அதே நிற்பு.

பழைய குற்றாலம் மேட்டில் கேட்டேன். "எதுக்குட்டி இந்த வயசுல ஒனக்கு இது?"

வளைவு முடிந்த பிறகு சொன்னாள்.

"போன ஆவணியில நீங்க விழுந்தீகள்லா. அவுக புளியங்குடியில. பழைய வண்டி ஷெட்டுல நிக்குது, சாவி ஆணியில தொங்குது. நான் ரோட்டுல நின்னு ஆட்டோவுக்குக் கைய ஆட்டுதேன். ஒருத்தனும் நிக்கல. உள்ள நீங்க மூச்சு இழுக்குத சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுது அத்த."

ஜெனி பின்னால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அன்று ஆட்டோவில் ஏறினது மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் ரோட்டில் யார் நின்றார்கள் என்று யோசித்ததே இல்லை.

"ஏசிய கொறைடி" என்றேன். "குளுருது."

அருவியில் தண்ணீர் நிறைய. இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி வைத்துச் சாரலில் கொஞ்ச நேரம் இருந்தோம். இருக்கை நனைந்தது. உள்ளே ஒரு சொட்டு இறங்காது என்றாளே ஜெயா — நாமே கண்ணாடியை இறக்கினால் கொரியாக்காரன் என்ன செய்வான்.

11 ஜூலை, வெள்ளி

பாஸ். எட்டுப் போடுகிற இடத்தில் ஒரு கம்பத்தையும் தொடவில்லையாம். இன்ஸ்பெக்டர், "யாரும்மா சொல்லிக் குடுத்தது" என்று கேட்டாராம். நம்பிராஜன் லோடு நாள் என்றும் பார்க்காமல் கூடப் போயிருந்தான். திரும்பி வரும்போது அவளைத்தான் ஓட்டச் சொன்னானாம், தான் பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தானாம். ஜெனி சொல்லிச் சிரித்தாள்.

12 ஜூலை, சனி

வண்டி விற்கிற பேச்சு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

சுந்தரபாண்டி ஒரு சாக்குப் பழம் அனுப்பியிருக்கிறான். "ஆச்சிக்குக் கண்ணேறு கழிக்க" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறான். கேலிதான். வாங்கி ஊறுகாய் போட்டுவிட்டோம்.

22 ஜூலை, செவ்வாய்

பேச்சிமுத்து வந்தான். அவன் வண்டி ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கும்போது தூணில் உரசிவிட்டதாம். ஒரு நாள் ஆனந்தவள்ளியை வந்து ரிவர்ஸ் சொல்லித் தரச் சொல்லுங்க ஆச்சி என்றான். கேட்பதைக் காதோரமாகக் கேட்டான். தெருவுக்குத் தெரியக்கூடாதாம்.

"அவளக் கேளு. எங்கிட்ட எதுக்குக் கேக்க" என்றேன்.

27 ஜூலை, ஞாயிறு

குற்றாலீஸ்வரன் லீவில் வந்துவிட்டான். கறுத்திருக்கிறான், மெலிந்திருக்கிறான். தென்காசி ஸ்டேஷனுக்கு அவன் அம்மாதான் போய்க் கூட்டி வந்தாள், தனியாக. பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டு டிரைவரைத் தேடினானாம். "ஏறுல" என்றாளாம். வீடு வந்து சேரும்வரை அவன் வாயே திறக்கவில்லையாம். இப்போது விடாமல் பேசுகிறான், அஸ்ஸாமில் அவன் கூட இருக்கிறவர்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

லைசென்ஸ் தபாலில் வந்தது. அதில் இருக்கிற படத்தைப் பார்த்தால் இசக்கிராஜா பிடித்த திருடனைப் போல இருக்கிறாள். அதை எவருக்கும் காட்ட முடியாது.

இன்று மத்தியானம் மாத்திரை போட்டுப் படுத்தேன். எழுந்தால் ஷெட்டில் வண்டி இல்லை. எங்கே போனாள் என்று தெரியவில்லை. காப்பியை நானே போட்டுக் குடித்தேன்.

பிறகு ஜெயாவுக்குப் போனில் பேசி அனுப்பினேன். எழுத்தில் அனுப்பத் தெரியாது, குரலில்தான்.

"ஏட்டி ஜெயா, குரூப்புல அந்த வண்டிப் படம் இருக்குல்லா, ஒங்கம்மா வளையல் மட்டும் தெரியுதது. அத எடுத்துரு. ஒங்க கம்பெனிக்காரனுக்கும் அது அழகில்ல. ஒன் தம்பி இங்கன இருக்கான், நாளைக்குக் காலையில நல்ல வெளிச்சத்துல எடுக்கச் சொல்லியிருக்கேன். ஸ்டியரிங்ல கை இருக்கணும், மொகம் முழுசா வரணும். நான் வரலன்னாலும் பரவாயில்ல. வந்த ஒடனே அந்தப் புதுப் படத்தப் போடு."